கோழிக்கு ஆகாத கடலை

"பாடையைக் கீழ வையுங்கடா!"

அலறியவர் மயில்சாமி.

செத்துப்போன நாச்சிமுத்துவின் ஒரே தம்பி. வயது நாற்பத்தெட்டு. அண்ணன் போய்ச் சேர்ந்து ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அந்தக் குறையைத் தொண்டையை வைத்து ஈடு கட்டிக்கொண்டிருந்தார்.

பறை சட்டென்று நின்றது.

எருமப்பட்டிக்குத் தெற்கே, பதினெட்டாயிரம் கோழிகள் கொக்கரிக்கும் பண்ணை வீட்டு வாசல். கூடியிருந்த முந்நூறு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"எங்கண்ணன் தானாச் சாவுலீங்க! கொன்னுபுட்டாங்க... இவ கொன்னுபுட்டா!"

மயில்சாமியின் விரல் நீண்ட திசையில்...

பாவாயி!

நாச்சிமுத்துவின் இரண்டாவது மனைவி. முப்பத்திரண்டு வயது. மூத்த தாரம் பிள்ளையில்லாமல் இறந்த பிறகு, ஆறு வருடங்களுக்கு முன் கெங்கவல்லியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். இவளுக்கும் பிள்ளை இல்லை. ஊராருக்கு அவள் இன்னும் 'கெழக்கத்திக்காரி'தான்.

"நானா...?" பாவாயி நெஞ்சில் கை வைத்தாள். "மூணு மாசமா அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினவ நானு!"

"அள்ளினவ நீதான்... ஊட்டுனவளும் நீதான!"

மயில்சாமி மடியிலிருந்து ஒரு பாட்டிலை உருவினார். பருத்திக்கு அடிக்கும் பூச்சி மருந்து. பாதி காலி.

"இவ அடுப்பங்கரையில, அரிசிப் பானைக்குப் பின்னால இருந்துச்சுங்க! பாருங்க எல்லாரும்!"

எல்லாரும் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பாவாயியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்த அதே பெண்கள், அவளை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்கள். சொந்தபந்தம் என்பது அவ்வளவுதான்!

போலீஸ் ஜீப் வந்து நின்றது.

ஜீப்பின் புழுதி தூரத்தில் தெரிந்த பிறகுதான் மயில்சாமிக்குத் துக்கம் பொங்கியது என்பதை அந்த முந்நூறு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் வெள்ளியங்கிரி கவனித்திருந்தார்.

"போன் பண்ணுனது யாருங்க?"

"நான்தானுங்க! தம்பி மயில்சாமி!"

"அண்ணன் செத்த அன்னிக்கே இவ்வளவு சுறுசுறுப்பா இருக்கறீங்களே... ரொம்பச் சந்தோசம்." வெள்ளியங்கிரி பாட்டிலை ஒரு கைக்குட்டையில் சுற்றி வாங்கினார். "ஏட்டு! பொணத்தை வேன்ல ஏத்து. சேலம் போவுட்டும்."

"அப்ப இவளை?"

"அறுத்துப் பார்க்கட்டும்ங்க. வெவசாயத்துலயும் அறுத்த பொறகுதான கணக்குப் பார்க்கறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரும்தான்.

பாவாயி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா... என்னைத் தூக்குல போட்டுடுவாங்களா?"

"விஷம் இருந்து, அதை நீ வெச்சிருந்தீன்னா... போடுவாங்க."

வெள்ளியங்கிரிக்குப் பொய் சொல்லித் தேற்றும் பழக்கம் இல்லை.

* * *

ஒன்பதாம் நாள். காலை பதினொரு மணி.

ஸ்டேஷனில் போன் அலறியது.

"வெள்ளியங்கிரி... கிளம்பி வாங்க." மறுமுனையில் டாக்டர் கிறிஸ்துராஜ். போலீஸ் சர்ஜன். சேலத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்விட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு பிணவறைக்கு வருகிற மனிதர்.

"பூச்சி மருந்துதானுங்களே டாக்டர்?"

"வயித்துல ஒரு துளி மருந்து இல்ல."

"அப்பாடா! பாவாயி பொழைச்சா."

"அவசரப்படாதீங்க. நேர்ல வாங்க!"

ஜீப் ராசிபுரம் தாண்டி சேலத்துக்குள் நுழைவதற்குள் வெள்ளியங்கிரி மூன்று சிகரெட்டுகளைத் தீர்த்திருந்தார்.

டாக்டர் மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. அதற்குள் நாச்சிமுத்துவின் கல்லீரல்.

"பாருங்க."

"இது ஈரலுங்களா? கல்லும் முள்ளும் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது!"

"கேன்சர்."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார். "நோவுல செத்தவருக்கா அந்த ஆளு இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணுனாரு? ஒன்பது நாளா எனக்குத் தூக்கம் போச்சு... சரிங்க. ஃபைலை மூடிட்டுப் போறேன்."

"மூடுங்க. ஆனா அதுக்கு முன்னால ஒரு விஷயம் கேளுங்க." கிறிஸ்துராஜ் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். "நாச்சிமுத்து ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பியிருந்தேன். அதுல ஒரு புரதம் கிடைச்சிருக்கு. இருபதுக்குக் கீழ இருக்கணும். ஏழாயிரம் இருக்கு!"

"எந்தப் புரதமுங்க?"

"தாய் வயித்துல இருக்கற குழந்தையோட கல்லீரல் தயாரிக்கற புரதம்."

வெள்ளியங்கிரி டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். "அவருக்கு அம்பத்தஞ்சு வயசுங்க, டாக்டர்."

"அதான் விஷயமே! நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஜீன்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணு இல்ல... ஆயிரக்கணக்குல இருக்கு. எப்ப வளரணும், எப்ப நிக்கணும், எங்க ஒட்டிக்கிட்டு இருக்கணும்... எல்லா உத்தரவும் அதுலதான். எல்லா ஜீனும் எல்லாக் காலத்துலயும் வேலை பார்க்காது. கருவுல இருக்கறப்ப கல்லீரல் சரசரன்னு வளரணும் இல்லையா? அதுக்குன்னு இருக்கற ஜீன்கள் அப்ப முழிச்சிருக்கும். குழந்தை பிறந்ததும் உடம்பு அதுங்களைத் தூங்க வெச்சிடும். சாகற வரைக்கும் தூங்கணும்."

"இவருக்கு?"

"எழுந்துடுச்சு! வளரச் சொல்ற ஜீன் ஓயாம உத்தரவு போடுது. நிறுத்தச் சொல்ற ஜீன் ஊமையாயிடுச்சு. கல்லீரல் கட்டிகட்டியா வளர்ந்துக்கிட்டே போகுது."

"ஆக்ஸிலேட்டர் மிதிச்சது மிதிச்ச மாதிரி நின்னுக்கிச்சு... பிரேக்கும் போச்சுங்கறீங்க."

"நாமக்கல் ஆளுக்கு லாரி வெச்சுச் சொன்னாத்தான் ஏறும்போல!" டாக்டர் முதல்முறையாக உதட்டைக் கோணினார். "அதோட நிக்கல. 'பக்கத்து செல்லோட ஒட்டிக்கிட்டு இரு'ங்கற உத்தரவும் ஒரு கட்டத்துல போயிடும். அப்ப அந்த செல்லுங்க கழண்டு ரத்தத்துல ஏறி ஊர் சுத்தக் கிளம்பிடும். இந்த ஆளோட நுரையீரல்ல பதினோரு கட்டி எண்ணினேன். எல்லாம் கல்லீரல்ல இருந்து போனது."

"பாவமுங்க. சாமி விட்ட வழி." வெள்ளியங்கிரி தொப்பியை எடுத்தார்.

"தூங்கின ஜீனை எழுப்பிவிட்டது யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

தொப்பி பாதி வழியில் நின்றது.

"யாராச்சும் எழுப்ப முடியுமுங்களா?"

"முடியும். ஒரு பூசணம். ஈரத்தோட மூட்டை கட்டின நிலக்கடலையில பச்சையாப் பூக்குமே, அது. அதுல ஒரு விஷம் இருக்கு. அந்த விஷம் கல்லீரல் செல்லுக்குள்ள போய் ஜீனையே கெடுத்துடும். அதுவும் ஏற்கனவே மஞ்சக்காமாலை வந்த ஆளா இருந்தா வேலை இன்னும் சுலபம். எப்படிக் கெடுக்குதுன்னு உலகம் பூரா இப்பத்தான் தோண்டிக்கிட்டு இருக்காங்க."

"ஒரு கை கடலை தின்னாலே போதுமுங்களா?"

"சேச்சே! ஒரு கை ஒண்ணும் பண்ணாது. வருஷக்கணக்கா தினமும் திங்கணும். அஞ்சு வருஷம்... ஆறு வருஷம்..."

வெள்ளியங்கிரியின் முகம் இறுகியது.

ஆறு வருடம்!

பாவாயி அந்த வீட்டு அடுப்பைப் பற்ற வைக்க ஆரம்பித்து, சரியாக ஆறு வருடம்!

"டாக்டர்... நீங்க சொன்னது யாருக்கும் தெரிய வேண்டாமுங்க. பூசணம், ஈரல், வருசக்கணக்கு... ஒரு வார்த்தை வெளிய போவக் கூடாது."

* * *

அன்று பிற்பகல் இரண்டு பேரும் பண்ணையில் இருந்தார்கள்.

பாவாயி சமையலறை மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். ஒன்பது நாளாக அவள் கையால் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. வாசலில் மயில்சாமி அமர்த்திய இரண்டு பங்காளிகள் காவல் இருந்தார்கள். அவள் ஓடிவிடக் கூடாதாம்! ஓடிப்போய்க் கொலைகாரிக்குக் கெங்கவல்லியில் யார் இலை போடப்போகிறார்கள்?

"உம்பட ஊட்டுக்காரரு தெனமும் என்ன சாப்பிடுவாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சோறு, களி... எல்லாரும் துன்றதுதான் ஐயா."

"அவரு மட்டும் திங்கறது?"

பாவாயி யோசித்தாள். "மல்லாக்கொட்டை."

"கடலைக்கொட்டையா?"

"ஆமா ஐயா. சாயங்காலம் ஆனா ஒரு கிண்ணம் வேணும். வறுத்து, வெல்லம் போட்டு இடிச்சிக் குடுப்பேன். நான் ஒருவாட்டி வாயில போட்டுப் பார்த்தேன். வேப்பங்காயாட்டம் கசப்பு! துப்பிட்டேன். 'கொட்டிடலாங்க'ன்னு சொன்னதுக்கு அடிக்க வந்துட்டாரு. 'காட்டுல வெளைஞ்சதைக் குப்பையில கொட்டறவ குடும்பத்துக்கு ஆவமாட்டா'ன்னாரு. வெல்லம் சேர்த்தா கசப்பு தெரியாதுன்னு அவரேதான் சொல்லிக் குடுத்தாரு."

எண்பது ஏக்கருக்குச் சொந்தக்காரர். ஒரு படி கடலையைக் கொட்ட மனசில்லை. அந்த மனசுக்கு ஏற்ற ஈரல்தான் அவருக்குக் கிடைத்திருக்கிறது என்று வெள்ளியங்கிரி நினைத்துக்கொண்டார்.

"அவருக்கு மஞ்சக்காமாலை வந்திருக்காம்மா?" கேட்டது டாக்டர்.

"நான் வாக்கப்படறதுக்கு முன்னாடி. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே வருசத்துல வந்துச்சாம்."

"கடலை ஏது? நீ வாங்குனதா?" இது இன்ஸ்பெக்டர்.

"எங்க கொழுந்தனார்தான் மாசாமாசம் அனுப்புவாரு. மூத்தவரு பங்குன்னு."

இன்ஸ்பெக்டரும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாராவது நம்புவாங்களா ஐயா?" பாவாயி விசும்பினாள். "வறுத்தது நானு. இடிச்சது நானு. கையில குடுத்தது நானு..."

அதுதான் வெள்ளியங்கிரிக்கும் கவலையாக இருந்தது. கோர்ட்டில் நிற்க வைத்தால் இந்த மூன்று வாக்கியம் போதும். கயிறு தயார்!

டாக்டர் பெட்டியைத் திறந்தார். "இந்த வீட்லயும் தம்பி வீட்லயும் இருக்கற எல்லாருக்கும் ரத்தம் எடுக்கணும்."

அப்போதுதான் கதவருகே வந்த மயில்சாமி உடனே உள்ளே பாய்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டி முதல் ஆளாக நீட்டினார்.

"எடுங்க சாமி! நல்லா எடுங்க! இந்தப் பாவி எனக்கும் எதையாச்சும் கலந்து வெச்சிருப்பா!"

அவரை அடுத்து அவர் மனைவி குப்பாயி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், பாவாயி. ஐந்து சீசாக்கள் அன்றைக்கே மெட்ராஸ் ரயிலேறின.

* * *

பதினான்கு நாட்கள்.

அதற்குள் மயில்சாமி மூன்று முறை ஸ்டேஷனுக்கு வந்து போனார். இரண்டு முறை மேலிடத்திலிருந்து போன் போட வைத்தார். "கொலைகாரிக்குப் பொண்டாட்டிங்கற முறையில சொத்து வராதுல்லீங்க?" என்று வக்கீலிடம் எட்டு முறை கேட்டார். வராது என்று வக்கீல் எட்டு முறையும் சந்தோஷமாகச் சொன்னார்.

ரத்தம் எடுத்த பதினைந்தாம் நாள் காலை, வெள்ளியங்கிரி தீவனக் கிடங்குக்குள் நுழைந்தார். கூடவே டாக்டர் கிறிஸ்துராஜ், ஏட்டு சின்னண்ணன்.

"வாங்க வாங்க! கைது வாரண்டு வந்துருச்சுங்களா?" மயில்சாமி பல்லைக் காட்டினார். "குப்பாயி! காப்பி கொண்டா!"

"உங்க பண்ணைக் கோழிங்க நல்ல கொழுகொழுன்னு இருக்குதுங்களே?"

"இருக்காதுங்களா பின்ன? தீவனத்துல கல்லு, மண்ணு, பூசணம் எதும் இருக்காது. ஒவ்வொரு லோடும் லேபுக்குப் போயி வந்த பொறகுதான் கோழி வாயில வெப்போம்."

"ஓ..." வெள்ளியங்கிரி கிடங்கின் மூலைக்கு நடந்தார். அங்கே தனியாக ஐந்து கடலை மூட்டைகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. மேலே ஆணியில் ஒரு கட்டு லேப் சீட்டு.

இன்ஸ்பெக்டர் ஒரு சீட்டை உருவி உரக்கப் படித்தார்.

"'பூசண நச்சு மிக அதிகம். கோழிகளுக்குக் கொடுக்க வேண்டாம்.' கீழ வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து, மயில்சாமி. இந்த மூட்டையெல்லாம் என்ன ஆவுமுங்க?"

"அது... ஊட்டுக்குப் போயிருமுங்க."

"எந்த ஊட்டுக்கு?"

"அண்ணன் ஊட்டுக்கு."

"கோழிக்கு ஆகாததை அண்ணனுக்கு அனுப்பி வெச்சீங்க!"

மயில்சாமி முகத்தில் அப்படி ஒரு அப்பாவித்தனம்!

"ஏனுங்க, சீட்டுல கோழிக்கு ஆகாதுன்னுதான போட்டிருக்குது? மனுசனுக்கு ஆகாதுன்னு போடலீங்களே! பட்டிக்காட்டான், எனக்கென்னங்க தெரியும்?"

டாக்டர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளியங்கிரி சிவப்புக் குறி போட்ட மூட்டையைப் பிரித்தார். ஒரு கை கடலையை அள்ளினார். சுருங்கின கடலை. அங்கங்கே பச்சை படர்ந்திருந்தது.

"தெரியாதுன்னா சரிங்க. இந்தாங்க... தின்னுங்க!"

பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு சின்னண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். மாட்டிக்கொண்டான் ஆள்! இப்போது மறுப்பான்... முகம் வெளுக்கும்... கால் நடுங்கும்...

மயில்சாமி கடலையை வாங்கினார்.

வாயில் போட்டார்.

நறநறவென்று மென்றார். விழுங்கினார். மீசையைத் துடைத்துக்கொண்டு, காவல்துறையின் மூளையை நினைத்துப் பரிதாபமாகச் சிரித்தார்.

"என்னங்க இன்ஸ்பெக்டரு, இதைத் திங்கப் பயப்படுவேன்னு நெனச்சீங்களாக்கும்? ஒரு கை தின்னு எவனுங்க செத்தான்? வருசக்கணக்குல தின்னாத்தானுங்க ஈரல்ல ஏறும்!"



வெள்ளியங்கிரி மெல்ல சிகரெட் பற்ற வைத்தார்.

"பட்டிக்காட்டானுக்கு இது எப்படித் தெரியும்?"

"எ... எது?"

"வருசக்கணக்குங்கறது. ஈரலுங்கறது. டாக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மூணாவதா ஒரு ஆளுக்கு நாங்க சொல்லவே இல்லீங்களே! ஊரு பூராவும் இன்னும் பூச்சி மருந்துன்னுதான பேசிக்கிட்டிருக்குது... நீங்கதான கெளப்பிவிட்டீங்க!"

மயில்சாமியின் சிரிப்பு மீசைக்குள்ளேயே செத்தது.

"ஆறு வருசத்துக்கு முன்னால இந்தப் பண்ணையில நானூறு கோழி செத்துது. கோழி டாக்டர் ஒண்ணை அறுத்து ஈரலைக் காட்டினாரு. 'மனுசன் வருசக்கணக்கா தின்னாலும் இதே கதிதான்'னு உங்ககிட்டதான் சொன்னாரு. நேத்து அவரைப் பார்த்தேனுங்க. அதே மாசம்தான் உங்கண்ணன் ரெண்டாம் கல்யாணம் பண்ணுனாரு. வாரிசு வந்துருமோன்னு உங்களுக்குப் பயம் வந்துருச்சு. சிவப்பு மூட்டை அண்ணன் ஊட்டுக்கு நடையைக் கட்டுச்சு. சரிங்களா?"

வெள்ளியங்கிரி சிகரெட் சாம்பலைத் தட்டினார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. உங்களை மாதிரி ஒரு முட்டாளை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல! வாயை மூடிக்கிட்டு அண்ணனை எரிச்சிருந்தா, இது வெறும் நோவுச் சாவு. ஒரு பய கேட்டிருக்க மாட்டான். ஆனா அண்ணன் பங்கு பாவாயிக்குப் போயிருமே! அது பொறுக்கல உங்களுக்கு. அவளைத் தூக்குல ஏத்திப்போடலாம்னு பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. நீங்களே எங்களைக் கூப்பிட்டு, நீங்களே அறுக்க வெச்சு, நீங்களே மாட்டிக்கிட்டீங்க!"

மயில்சாமி தோளில் கிடந்த துண்டை உதறினார். அந்த முகத்தில் இப்போது அப்பாவித்தனம் இல்லை.

"சரிங்க. தெரியும். அதுக்கென்ன இப்ப?"

ஏட்டு பென்சிலை எடுத்தார்.

"எழுதிக்கப்பா, நல்லா எழுதிக்க! நான் அரளி குடுக்குல. மருந்து குடுக்குல. எங்க காட்டுல வெளைஞ்ச கடலைக்கொட்டையக் குடுத்தேன். வறுத்தது அவிய சம்சாரம். தின்னது அவிய வாயி. கத்தி எங்கன்னு கேப்பாங்க. ரத்தம் எங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"கல்லீரல் செல்லுல தூங்கிக்கிட்டிருந்த ஜீனை எழுப்பிவிட்டீங்கன்னு சொல்லுவேன்." டாக்டர் மூட்டையிலிருந்து எழுந்தார்.

மயில்சாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

"சொல்லுங்க, சொல்லுங்க! ஜீனு எந்திரிச்சுக்கிச்சு, ஜீனு படுத்துக்கிச்சுன்னு ஜட்ஜய்யாகிட்டச் சொல்லுங்க! ஜீனைக் கூண்டுல ஏத்துங்க! கடலை குடுத்தாக் கொலைன்னு எந்தச் சட்டத்துல இருக்குது? எந்த செக்‌ஷனு? காட்டுங்க பார்ப்போம்!"

வெள்ளியங்கிரிக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. ஏனென்றால் அந்த ஆள் சொல்வது பாதி உண்மை. எந்த வக்கீலும் இதை அரை மணியில் உடைப்பான்.

"பாவாயி மேல இனி கேஸ் இல்லீங்க. அது மட்டும் நிச்சயம்."

"இருந்துட்டுப் போவட்டும்! பாதி அவளுக்குப் போனாலும் மீதி பாதி எனக்குத்தான. இன்னும் முப்பது வருசம் உக்காந்து திம்பேன்!"

"முப்பது வருஷமா?" டாக்டர் கிறிஸ்துராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு நீளமான கவரை எடுத்தார். "ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்திருக்கு. பாவாயி... சாதாரணம். உங்க சம்சாரம் குப்பாயி... சாதாரணம். பிள்ளைங்க ரெண்டு பேரும்... சாதாரணம்."

"சந்தோசமுங்க."

"மயில்சாமி... நாலாயிரத்து எண்ணூறு."

"நல்லதுங்களா அது?"

"இருபதுக்குக் கீழ இருந்தா நல்லது. உங்கண்ணனுக்கு ஏழாயிரம் இருந்தது. உங்க கல்லீரல்லயும் தூங்கினவன் எழுந்துட்டான்."

மயில்சாமி கவரைப் பிடுங்கிப் பார்த்தார்.

"பொய்யிங்க! நான் அந்தக் கடலையத் தொட்டதே இல்லீங்க! இப்பத் தின்ன ஒரு கை மட்டும்தானுங்க... தெய்வத்து மேல ஆணையா!"

தடால்!

வாசலில் காப்பித் தட்டு விழுந்தது. குப்பாயி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலையெல்லாம் காப்பி. அது சுடுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஐயோ... ஏனுங்க... அந்தச் சிவப்பு மை மூட்டையா...?"

"உனக்கென்னடி தெரியும்?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க! 'அது அண்ணன் ஊட்டுக்கு. அதுல கைய வெச்சீன்னா வெட்டிப்போடுவேன்'னு ஆறு வருசமா மெரட்டுனீங்க. ஏன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? நல்ல கடலையெல்லாம் மூத்தவியளுக்குத் தாட்டிவிட்டுட்டு, மட்டமானதை நம்மூட்டுக்குப் போடறீங்கன்னு எனக்கு வவுறு எரிஞ்சுதுங்க. அதான் மாசாமாசம்... மூட்டை போறதுக்கு முன்னால... நாலு படி எடுத்துட்டு, நம்மூட்டுக் கடலைய அதுல போட்டுத் தெச்சு வெச்சேன்..."

"கசந்திருக்குமேம்மா?" என்றார் டாக்டர்.

"வறுத்து, வரமொளகா, பூண்டு வெச்சுப் பொடி பண்ணிருவேனுங்க. காரத்துல தெரிஞ்சிருக்காதுங்க. நான் ஒரு நாளு தொடுல. புள்ளைகளுக்குக்கூட வெக்குல. ஒழைக்கற மனுசன், அவராச்சும் ஒசத்தியாத் திங்கட்டும்னு... தெனமும் காலையில இவரு இட்டிலிக்கு மட்டும் போட்டேனுங்க!"

மயில்சாமியின் வலது கை தானாக விலாவுக்குப் போனது. இரண்டு மாதமாக அங்கே ஒரு வலி. வாயுவென்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் கை அங்கேயே நின்றுவிட்டது.

"டாக்டர்... சாமி... இதுக்கு மருந்து...?"

கிறிஸ்துராஜ் தலையை ஆட்டினார். மேலும் கீழும் அல்ல.

மயில்சாமி தீவனத் தூசிக்குள் உட்கார்ந்தார். அண்ணன் செத்தபோது வராத கண்ணீர் இப்போது தாரைதாரையாக வந்தது. தனக்கு என்றால்தான் வரும் கண்ணீர் அது. சின்னண்ணன் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு குப்பாயியையும் இன்ஸ்பெக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா... இந்தம்மாவும் ஆறு வருசமா விஷம் வெச்சிருக்குது. இவிய மேலயும் கேஸ் எழுதிக்கட்டுங்களா?"

வெள்ளியங்கிரி சிகரெட்டைக் காலில் நசுக்கினார்.

"எழுதாதய்யா! கடலை குடுத்தாக் கொலை ஆவாதுன்னு அந்தம்மா ஊட்டுக்காரரே இப்பத்தான எனக்குச் சட்டம் சொல்லிக் குடுத்தாரு!"